முத்துமணிக்குத் தகுதியான வீடு

முத்துமணியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதற்குக் காரணம் துரைப்பாண்டியின் நேர்மைதான். அந்த மனுஷன் ஆபீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருந்திருந்தால் பிள்ளை இன்றைக்கும் வேப்பமரத்து ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருக்கும்.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் துரைப்பாண்டிக்கும் ஜெயசித்ராவுக்கும் ஒரு ஓட்டு வீடு. முன்னால் வேப்பமரம், பக்கத்தில் கிணறு. அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவள் வீட்டில் இருந்தபடி கடைகளுக்குப் பூக்கட்டிக் கொடுக்கிறாள். பிள்ளை கிடையாது. அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்த அன்னக்கிளி மல்லிகைத் தோட்டங்களுக்குப் பூப்பறிக்கப் போவாள். அவள் புருஷன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான். ஒருநாள் விடியற்காலையில் ஆள் ஏற்றிப்போன வேன் திருவேங்கடம் ரோட்டில் கவிழ்ந்து அன்னக்கிளி செத்துப்போனாள். மகள் முத்துமணிக்கு அப்போது ஐந்து வயது. அம்மா வேலைக்குப் போகும்போதெல்லாம் ஜெயசித்ரா வீட்டில்தான் கிடக்கும். சாவுக்குப் பிறகு அங்கேயே இருந்துகொண்டது. அது சித்தி என்று கூப்பிட்டது, இவள் தட்டில் சோறு போட்டாள். இதற்கு யாருடைய அனுமதியாவது வேண்டும் என்று தெருவில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

துரைப்பாண்டிக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன இடத்தில் "யார் புள்ள?" என்று கேட்டுவிட்டார்கள்.

"முறைப்படி எழுதி வாங்கிருவோம் ஏட்டி. நாளைக்கு ஒருத்தன் வந்து நீ யாருன்னு கேட்டுறக் கூடாதுல்லா" என்று சொல்லிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வளர்ப்புக் குடும்பத் தகுதி மன்றம் என்கிற அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். அவர்கள் உட்காரச் சொன்னார்கள். டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள். உங்களைப் போன்ற நல்லவர்கள்தான் நாட்டுக்குத் தேவை என்றார்கள். மறுநாள் ஜீப் வந்தது.

உறவில்லாதவர் வீட்டில் இருந்த குழந்தை மீட்பு என்று போட்டோவோடு பேப்பரில் வந்தது. முத்துமணி எதிலிருந்து மீட்கப்பட்டது என்பது போட்டோவைப் பார்த்தாலே தெரியும். அதன் கையில் செவலை நிற ஆட்டுக்குட்டி ஒன்று இருந்தது. இரண்டு ஆட்கள் சேர்ந்து அந்த ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையை ஊருக்கு வெளியே மன்றத்தின் இல்லத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

"கவலைப்படாதீங்கம்மா" என்றார் களப்பணியாளர் மாலா. "வளர்ப்புப் பெற்றோர்னு விண்ணப்பம் போடுங்க. ஹோம் விசிட் வருவோம். வீடு தகுதியா இருந்தா பாப்பா உங்களுக்குத்தான்."

வீடுதானே, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள் ஜெயசித்ரா. பாவம், அப்படித்தான் நினைத்தாள்.

முதலில் விண்ணப்பதாரர்களுக்கெல்லாம் ஒரு கல்யாண மண்டபத்தில் தயாரிப்புக் கூட்டம் நடந்தது. மன்றத் தலைவர் சங்கரசுப்பிரமணியன் பேசினார். பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டுதான் மைக்கைத் தொட்டார்.

"அன்பு, அன்பு என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அன்பு எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம்? யாருக்காவது தெரியுமா? தெரியாது. ஆனால் சுவர் எத்தனை அடி என்று நான் டேப் வைத்துச் சொல்லிவிடுவேன். ஆகவே இந்த மன்றம் சுவரைத்தான் பார்க்கும். இன்னொன்றையும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு குழந்தையைக்கூட நாங்கள் தவறான வீட்டுக்கு அனுப்பியதில்லை."

கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார். "சரியான வீட்டுக்கு எத்தன பேர அனுப்பிருக்கீங்க சார்?"

"இதுவரை ஒருவரையும் அனுப்பவில்லை" என்றார் தலைவர் முகம் மலர்ந்து. "அனுப்பியிருந்தால் தவறு நடந்திருக்கும் அல்லவா?"

இதற்கும் கை தட்டினார்கள். ஜெயசித்ராவும் தட்டினாள். தட்டாவிட்டால் மார்க் குறையுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

முதல் ஹோம் விசிட்டுக்கு நாள் குறித்ததும் எதிர்வீட்டு சாஜிதா பானுதான் யோசனை சொன்னாள். "ஆளுங்க வந்து வீட்டப் பாத்துட்டுப் போயி முடிவு சொல்லுவாங்கன்னா அது பொண்ணு பாக்க வாரது மாதிரிதான் சித்ரா. பட்டுச்சேலை கட்டு. கேசரி, பஜ்ஜி போடு. அவுக கேட்டா மட்டும் பதில் சொல்லு. இன்ஷா அல்லா முடிஞ்சிரும்."

அப்படியே செய்தார்கள். வாசலில் பெரிய கோலம். துரைப்பாண்டி வேட்டி கட்டி வாசலிலேயே நின்று "வாங்க, வாங்க" என்றான். ஜெயசித்ரா தட்டை ஏந்திக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் வந்தாள். தனக்குக் கல்யாணம் ஆனபோதுகூட அவள் இவ்வளவு நடுங்கவில்லை.

மாலா மேடம் கேசரியைச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லிச் சாப்பிட்டார். பஜ்ஜிக்குச் சட்னி கேட்டு வாங்கிக்கொண்டார். மாடத்தில் இருந்த டப்பாவைத் திறந்து பார்த்து, "கோமதியம்மன் கோயில் புத்துமண்ணா?" என்று ஒரு விரலால் எடுத்து நெற்றியில் இட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதைத்தான் குழைத்துப் பூசுவோம் என்றாள் ஜெயசித்ரா. மேடம் தலையை ஆட்டினார். போகும்போது மீதிக் கேசரியை டிபன் பாக்ஸில் வாங்கிக்கொண்டார்.

அறிக்கை வந்தது. அளவுக்கு மீறி இனிப்பு சமைக்கும் வீடு. குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் உயரத்தில் மண் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. நோய் பரப்பக்கூடிய கால்நடை ஒன்று வளாகத்தில் சுதந்திரமாக நடமாடுகிறது.

கால்நடை என்றால் செவலை. முத்துமணி போன நாளிலிருந்து அது வாசலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. துரைப்பாண்டி அதை லோடு ஆட்டோவில் ஏற்றிக் குருவிகுளத்தில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்தான். புற்றுமண்ணைக் கோயிலிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தாள் ஜெயசித்ரா.

அடுத்தது பாதுகாப்பு ஆய்வு. தலைவரே நேரில் வந்தார். நல்ல வெயில். "அப்பாடா" என்று வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார். இந்தத் தடவை கேசரி இல்லை. தண்ணீர்தான் கொடுத்தாள்.

"என்ன தண்ணிம்மா இது? இளநி மாதிரி இருக்கு!"

"நம்ம கிணத்துத் தண்ணிதான் சார்."

இன்னொரு சொம்பு கேட்டார். டிரைவரை அழைத்து ஜீப்பில் இருந்த கேனில் நிரப்பிக்கொள்ளச் சொன்னார். காலை நீட்டிக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல, கூட வந்திருந்த மாலா எழுதினார்.

"திறந்த கிணறு. உயிர் ஆபத்து. கான்கிரீட் போட்டு நிரந்தரமாக மூடவும். எழுதிட்டீங்களா? அடுத்து மரம். குழந்தை ஏறும், விழும். கிளையில் சேலைத் துணியில் ஊஞ்சல், கழுத்தில் சுற்றும். மரத்தை அகற்றவும்." வேப்பங்காற்று அடித்தது. "ஆஹா" என்றார். "நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்திப் போடுங்கம்மா, வெயில் படுது. அப்புறம் உபசரிப்பு. விருந்தினருக்குப் பலகாரம் வைக்கும் வழக்கம் இல்லை. குழந்தை பட்டினி கிடக்க வாய்ப்புண்டு."

துரைப்பாண்டிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "சார், ஊர்ல எல்லா வீட்லயும்தான கிணறு இருக்கு, மரம் இருக்கு. அங்கல்லாம் புள்ளைங்க வளரலையா?"

"அதெல்லாம் சொந்தப் பிள்ளைங்க, தம்பி" என்றார் தலைவர் பொறுமையாக. "சொந்தப் பிள்ளை கிணத்துல விழுந்தா அது விதி. வளர்ப்புப் பிள்ளை விழுந்தா அது ஃபைல். நான் பதில் சொல்லணுமா இல்லையா?"

மரம் வெட்ட ஆள் வந்த அன்று ஜெயசித்ரா வீட்டுக்குள்ளேயே இருந்தாள். ஊஞ்சல் சேலையை மட்டும் முன்கூட்டியே அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். அது அன்னக்கிளியின் சேலை. கிணற்றுக்குக் கான்கிரீட் போட்டார்கள். அதற்குப் பிறகு அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் குழாய்க்குப் போய் வரிசையில் நின்றாள்.

ஒருநாள் சாஜிதா பானுவோடு டவுன் பஸ்ஸில் போகிறபோது மன்றத்தின் இல்லத்து வாசலில் இறங்கிவிட்டாள். விண்ணப்பதாரர் குழந்தையைப் பார்த்தால் குழந்தையின் மனம் பாதிக்கப்படும் என்பது விதி, அதனால் உள்ளே விடமாட்டார்கள். கேட் கம்பி வழியே பார்த்தாள். முற்றத்தில் திறந்த கிணறு. சின்னதும் பெரிசுமான பிள்ளைகள் கூட்டமாக அதில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. அந்தக் கூட்டத்தில் முத்துமணி எது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் வாட்ச்மேன் விரட்டிவிட்டான்.

"உங்க இல்லத்துல கிணறு தொறந்துல்லா கெடக்கு?" என்று மாலா மேடத்திடம் கேட்டாள். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே பிள்ளை விழுந்துவிடுமோ என்று பயந்து கேட்டாள்.

"அது இல்லம் ஆச்சேம்மா. வீடு இல்லையே" என்றார் மாலா. "வீட்டுக்குத்தானே ஹோம் விசிட்? இல்லத்தை எப்படிம்மா ஹோம் விசிட் பண்ண முடியும்?"

மேடத்தின் முகத்தில் கேலி எதுவும் இல்லை. அவர் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார்.

மூன்றாவதாக மனநல ஆலோசகர் பிரின்ஸ் வந்தார். சின்ன வயசுக்காரர், நயமாகப் பேசினார். முத்துமணியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். ஜெயசித்ரா சொல்ல ஆரம்பித்தாள். சோற்றில் தயிர் இருந்தால்தான் உருண்டை வாங்கும், இடி இடித்தால் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது. பிரின்ஸ் டிஷ்யூ பேப்பரை நீட்டிவிட்டு எழுதினார்: விண்ணப்பதாரருக்குக் குழந்தை மேல் ஏற்கெனவே பாசம் உள்ளது. பாதகமான அம்சம்.

"பாசம் இருந்தா தப்பா தம்பி?"

"தப்புன்னு இல்லக்கா. நாங்க குழந்தையைக் கொடுத்த பிறகு பாசம் வரணும். அதுதான் முறை. முன்னாடியே இருந்தா எங்க பங்கு என்ன? அடுத்த விசிட்டுக்குள்ள கொஞ்சம் சமநிலைக்கு வாங்க. சுவர்ல குழந்தைகளுக்குப் பிடிச்ச படங்கள் வரையுங்க. ஒட்டகச்சிவிங்கி கட்டாயம்."

சமநிலைக்கு வருவதற்குப் பயிற்சி நடந்தது. சாஜிதா பானு ஆலோசகராக நாற்காலியில் உட்காருவாள்.

"முத்துமணிங்கது யாரு?"

"எம் புள்ள."

"ஏட்டி, தப்பு. திருப்பிச் சொல்லு. முத்துமணிங்கது யாரு?"

"ஒரு... ஒரு குழந்தை."

"அத இங்கன கொண்டாந்தா என்ன செய்வீங்க?"

"கையப் பின்னால கட்டிட்டு நிப்பேன்."

"சிரி. பல்லு தெரியாம சிரி."

ஜெயசித்ரா பல் தெரியாமல் சிரித்துப் பழகினாள். பிள்ளை பெயரைக் கேட்டாலும் முகம் மாறாத நிலைக்கு வந்துவிட்டாள். பயிற்சி கொடுத்த சாஜிதா பானுதான் ஒருநாள் நடுவில் எழுந்து போய்த் தன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். துரைப்பாண்டி ஆட்களை வைத்து வீடு முழுக்க மஞ்சள் பெயின்ட் அடித்து ஒட்டகச்சிவிங்கி வரைந்தான். மரம் இருந்த இடத்தில் மிச்சமிருந்த அடிக்கட்டைக்குச் சிமென்ட் பூசிக் காளான் மாதிரி ஆக்கினார்கள். கிணற்றின் மேல் கான்கிரீட்டில் பரமபதம் வரைந்தார்கள். கூரை ஓடுகளை இறக்கிவிட்டு ஷீட் போட்டார்கள். லோடு ஆட்டோவை அடமானம் வைத்துத்தான் இவ்வளவும் நடந்தது.

ஒருவழியாக வீடு தகுதி பெற்றது. கடைசியாகக் குழந்தையின் கருத்தறியும் விசிட் ஒன்று மட்டும் பாக்கி. முத்துமணியையே அழைத்து வருவார்கள். நிபந்தனை ஒன்றுதான். கருத்தைப் பதிவு செய்து முடிக்கும் வரை விண்ணப்பதாரர் குழந்தையிடம் பேசவோ தொடவோ கூடாது. மீறினால் குழந்தையை வசப்படுத்தியதாகக் கருதப்படும்.

அன்று காலையில் அவள் கேசரி கிண்டினாள். பிறகு அறிக்கையை நினைத்து அதைச் சாஜிதா பானு வீட்டில் ஒளித்து வைத்தாள். தயிர்ச்சோறு பிசைந்து மூடி வைத்தாள்.

ஜீப் வந்தது. தலைவர், மாலா, பிரின்ஸ் மூவரும் இறங்கினார்கள். கடைசியாக முத்துமணி இறங்கியது. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். இல்லத்துச் சீருடை தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. ஜெயசித்ரா ஒட்டகச்சிவிங்கிக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. முகத்தில் அந்தப் பல் தெரியாத சிரிப்பு இருந்தது.

பிள்ளை காளானைப் பார்த்தது. பரமபதத்தைப் பார்த்தது. மஞ்சள் சுவரைப் பார்த்தது. பிறகு இவளைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. பார்த்துக்கொண்டே இரண்டு கைகளையும் லேசாக உயர்த்தியது. இவள் அசையவில்லை. கை இறங்கிவிட்டது.

"பாப்பா, இதுதான் நீ முன்னாடி இருந்த வீடு. இங்கே இருக்க உனக்கு விருப்பமா?" என்று கேட்டார் தலைவர்.

"இது எங்க வீடு இல்ல சார்" என்றது முத்துமணி. "எங்க வீட்ல மரம் நிக்கும். கிணறு இருக்கும். செவலை நிக்கும்."

"இவங்க யாருன்னு தெரியுதா?"

"தெரியல சார். எங்க சித்தின்னா என்னயத் தூக்கிருக்கும்லா."

"நல்ல ஞாபகசக்தி" என்றார் பிரின்ஸ். மாலா எழுதி முடித்துப் பிள்ளையின் கட்டைவிரலை மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தார்.

அந்த நேரத்தில்தான் ஜெயசித்ராவின் சமநிலை உடைந்தது. "ஏ முத்து! மக்கா, நாந்தாம்ட்டி!" என்று தலைவிரிகோலமாக ஓடினாள். அதற்குள் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். குரலைக் கேட்டதும் பிள்ளை துள்ளியது. "சித்தி! எங்க சித்தி சார்! எங்க சித்தி சார்!" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது.

"சார், புள்ள அடையாளம் சொல்லிட்டுல்லா? எறக்குங்க சார்!" என்று துரைப்பாண்டி ஜீப்பை மறித்தான்.

தலைவர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஒரு நிமிஷம் முன்னாடி சொல்லியிருந்தா எழுதியிருக்கலாம், தம்பி. கருத்து பதிவாயிருச்சு. இப்போ குழந்தை சொல்றது அதோட சொந்தப் பேச்சு. அதை நாங்க எடுத்துக்க முடியாது."

ஜீப் போய்விட்டது. தெருமுனை திரும்பும் வரை அந்தக் குரல் கேட்டது. பிசைந்து வைத்த தயிர்ச்சோறு அப்படியே இருந்தது.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. வீடு அனைத்து வகையிலும் தகுதியானது. குழந்தைக்கு வீட்டின் மேல் நாட்டம் இல்லை. ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. கூடவே ஒரு நற்செய்தியும் இருந்தது. மாவட்டத்திலேயே எல்லா ஆய்விலும் தேறிய ஒரே வீடு இது என்பதால் இதை மன்றம் மாதிரி வீடாக அறிவிக்கிறது. புது விண்ணப்பதாரர்கள் வந்து பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். தலைவர் வந்து பலகையைத் திறந்துவைப்பார். வாசலில் கோலம் போட்டு வைக்கவும்.

ஜெயசித்ரா அதைத் துரைப்பாண்டியிடம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு அவனைப் பார்த்தாள். "குருவிகுளம் போயி செவலையக் கூட்டிட்டு வாங்க. வரும்போது ஒரு கடப்பாரை வாங்கிட்டு வாங்க."

திறப்பு விழா அன்று இரண்டு வேனில் விண்ணப்பதாரர்கள் வந்து இறங்கினார்கள். தலைவர் பொன்னாடையோடு வந்தார். ரிப்பன் கட்ட ஆளும் வந்திருந்தான். வாசலில் கோலம் இல்லை. முழுசாக வளர்ந்து கொம்பு விட்ட செவலை ஆடு காளான் மேல் ஏறி நின்று ஜீப்பைப் பார்த்தது. ஜெயசித்ரா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பரமபதத்தின் நட்டநடுவில் கடப்பாரையை இறக்கிக்கொண்டிருந்தாள். சாஜிதா பானு உடைந்த கான்கிரீட்டை அள்ளி ஓரமாகக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? என்ன செய்றீங்க?" என்று பதறினார் தலைவர்.

"ஹோம் விசிட்டுக்கு வீட்டத் தயார் பண்ணுதேன் சார்."

"விசிட்டெல்லாம் முடிஞ்சுபோச்சே!"

"உங்க விசிட்டு முடிஞ்சிட்டு. எம் புள்ள இன்னும் வீட்டுக்கு வரலைல்லா. திருப்பி மனு போடுதேன். நீங்க நிராகரிங்க, மறுபடியும் போடுதேன். தெனமும் செவலையக் கூட்டிட்டு வந்து உங்க இல்லத்து வாசல்லயே நிப்பேன். அங்கன நின்னு அது கத்தும், நானும் கத்துவேன்."

விண்ணப்பதாரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் குரலைத் தாழ்த்தினார். "கிணத்தைத் திறந்தீங்கன்னா உங்க வீடு தகுதியை இழந்துரும். யோசிச்சுச் செய்ங்கம்மா."

"இழக்கட்டும் சார்" என்றாள் ஜெயசித்ரா. வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். "தகுதி வந்த அன்னைக்குத்தான எம் புள்ள இது எங்க வீடு இல்லன்னு சொல்லிச்சு."

கடப்பாரையை மறுபடி ஓங்கினாள். கான்கிரீட் பிளந்து ஒரு பெரிய துண்டு உள்ளே விழுந்தது. கீழே தண்ணீர் இருந்தது, எல்லோருக்கும் சத்தம் கேட்டது.